கூடுவிட்டுக் கூடு பாய்ந்த எஞ்சின்

திருமூலர் வரலாற்றை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர் ஒருவராவது கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. சாத்தனூரில் இறந்துகிடந்த மூலன் என்னும் இடையனின் உடலில் சிவயோகியார் புகுந்தார். பசுக்களின் துயர் நீங்கிற்று. தேடி வந்த மூலனின் மனைவியோ, கணவன் வேறாகிவிட்டதை உணர்ந்து கலங்கினாள். "அப்படியானால் அவர் மூலனா, யோகியா ஐயா?" என்பதே அக்கேள்வி. சேக்கிழாரைத் துணைக்கு அழைத்து ஏதோ விடை சொல்லித் தப்பித்துக்கொள்வேன். ஆனால் அப்போதெல்லாம் என் நினைவில் வந்து நிற்பது போடிநாயக்கனூரில் என் பெரியப்பா வைத்திருந்த ஜீப்தான்.

ஏலத்தில் எடுத்த பெட்ரோல் ஜீப் அது. ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் நாள்தோறும் ஏறி இறங்கும். மலையேற்றத்தில் லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் கிடைத்தால் அதிகம் என்று பெரியப்பாவின் கணக்கு நோட்டு சொல்கிறது. 1989இல், எனக்கு எட்டு வயதாயிருந்தபோது, அதன் எஞ்சினைக் கழற்றிவிட்டு, புதுக்கிய டீசல் எஞ்சின் ஒன்றை வைத்தார். வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றபோது பெரியம்மா அடுப்படியிலிருந்தே, "இது நம்ம வண்டிச் சத்தம் இல்லையே" என்றார். மூலனின் மனைவிக்கு நேர்ந்த கலக்கம்தான்.

சென்ற ஆண்டு பழைய வண்டி சேகரிப்பவர் ஒருவர் பெரியப்பா மகனிடம் வந்தார். நல்ல விலை தருவதாகவும், ஆனால் டீசலை எடுத்துவிட்டு 'ஒரிஜினல்' பெட்ரோல் எஞ்சினை வைத்துத் தரவேண்டும் என்றும் சொன்னாராம். அண்ணன் எனக்குத் தொலைபேசினார். "தம்பி, நீ பாடம் நடத்துறவன். ஒரிஜினல்னா எது?" சுவடிகளில் மூலபாடம் தேடுகிறவனிடம் கேட்கத் தக்க கேள்விதான். விடை தேடப் புகுந்தபோது தெரிந்தது, ஜீப்பின் வரலாறே எஞ்சின் மாற்றங்களின் வரலாறு என்பது.

1940இல் அமெரிக்கப் படைக்கு ஓர் இலேசான நாற்சக்கர இயக்க வண்டி தேவைப்பட்டது. முதலில் செய்து காட்டியது பாண்டம் என்ற சிறு நிறுவனம். கார்ல் புரோப்ஸ்ட் வரைந்த அவ்வண்டி அவ்வாண்டு செப்டம்பர் 23 அன்று சோதனைக் களத்துக்கு வந்தது. வடிவம் படையினருக்குப் பிடித்தது. 45 குதிரைத்திறன் அளவிலான எஞ்சின் நிறைவளிக்கவில்லை. படை அந்த வரைபடங்களைப் போட்டியாளர்களான வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்களுக்கும் காட்டியது. (பாண்டத்துக்கு இழைக்கப்பட்டது அநீதி என்றே நான் கருதுகிறேன், ஆனால் அது வேறு கதை.) ஃபோர்டு தன் டிராக்டர் எஞ்சினையே திருத்தி வைத்துப் பார்த்தது. அதுவும் 46 குதிரைத்திறனைத் தாண்டவில்லை.

வென்றது வில்லிஸ். காரணம் எஞ்சின். அதுவோ புதியதன்று. 1926இல் வந்த விப்பெட் காரின் வழிவந்த 2.2 லிட்டர் எஞ்சின் அது. 1938இல் வில்லிஸில் சேர்ந்த பொறியாளர் டெல்மர் ரூஸ் அதைச் சீர்படுத்தி, 48 குதிரைத்திறனாக இருந்ததை 60க்கு உயர்த்தியிருந்தார். பின்னாளில் 'கோ டெவில்' எனப் பெயர் பெற்றது இதுவே. எஞ்சின் கனமானது, படை விதித்த எடை வரம்போ 2,160 பவுண்டு. ரூஸ் எஞ்சினைக் கைவிட மறுத்து, வண்டியை இளைக்கச் செய்தார். நீண்டிருந்த போல்ட்டுகளின் முனைகள் வெட்டப்பட்டன. வண்ணப்பூச்சு ஒரே ஒரு படலம் என்றாயிற்று. போர்க்காலத்தில் ஃபோர்டும் தன் எஞ்சினை விட்டு வில்லிஸ் எஞ்சினையே வைத்து ஜீப் கட்டியது. இரு நிறுவனங்களும் சேர்ந்து ஆறு இலட்சத்துக்கு மேல் கட்டின. ஆக முதல் ஜீப்பே, ஒருவர் வரைந்த கூட்டுக்குள் இன்னொருவரின் பழைய எஞ்சின் புதுக்கப்பட்டுப் புகுந்ததால் பிறந்ததுதான்.

அடுத்த மாற்றம் இன்னும் சுவையானது. கோ டெவிலில் வால்வுகள் எல்லாம் சிலிண்டரின் பக்கவாட்டில் இருந்தன. காற்றை உள்ளே விடும் வால்வுகளை மட்டும் மேலே ஏற்றி, 70க்கு மேற்பட்ட குதிரைத்திறன் தரும் 'ஹரிக்கேன்' எஞ்சினைச் செய்தார்கள். அதனால் எஞ்சின் உயரமாகிவிட்டது. பழைய பானட்டுக்குள் அடங்கவில்லை. எனவே 1953இல் வந்த சிஜே-3பி ஜீப்பில் பானட்டை மேலே தூக்கிக் கட்டினார்கள். நம் சாலைகளில் பல்லாண்டு ஓடிய மகிந்திரா ஜீப்பின் அந்த உயர்ந்த நெற்றி, அழகுக்காக அமைந்ததன்று. புகுந்த உயிருக்காக உடல் வளைந்துகொடுத்த தழும்பு அது.

அமெரிக்காவில் 1968இல் நின்றுபோன அந்த வடிவத்தை, வில்லிஸ் உரிமத்துடன் ஜீப் கட்டிய மகிந்திரா இங்கே தொடர்ந்து கட்டிற்று. (1945இல் அந்நிறுவனத்தின் பெயர் மகிந்திரா அண்டு முகம்மது. பங்காளியான குலாம் முகம்மது பாகிஸ்தானின் நிதியமைச்சராகவும், பிறகு கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். 1948இல் பெயர் மாறியது. பெயர்ப்பலகைக்கும் கூடுபாய்தல் உண்டு போலும்.) 1973 அக்டோபரில் தொடங்கிய எண்ணெய் நெருக்கடியில் கச்சா எண்ணெய் சில மாதங்களில் நான்கு மடங்கு விலையேறியது. அதன்பின் பெட்ரோல் ஜீப்பைக் கட்டி ஆள்வது யானையைக் கட்டித் தீனி போடுவது போலாயிற்று. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கூட்டுறவால் மகிந்திராவிடம் டிராக்டர் எஞ்சின் இருந்தது. அதன் வழிவந்த டீசல் எஞ்சினை ஜீப்பில் ஏற்றினார்கள். 1940இல் ஃபோர்டுக்குக் கைகொடுக்காத டிராக்டர் எஞ்சின் என்னும் எண்ணம் இங்கே பலித்தது. பிறகு 1980களில் பிரான்சின் பெஜோ உரிமத்தில் எக்ஸ்.டி.பி. 4.90 என்ற 2112 கன சென்டிமீட்டர் டீசல் எஞ்சின் வந்தது. நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம் என்பதே அந்த எண்ணின் பொருள்.

தொழிற்சாலை புதிய ஜீப்பில் செய்ததைப் பட்டறைகள் பழைய ஜீப்பில் செய்தன. பெரியப்பா வாங்கியதும் பெஜோதான்; விபத்தில் நொறுங்கிய வண்டியிலிருந்து எடுத்தது. கிராங்க் ஷாஃப்டை அரைத்து, அந்த அளவுக்கேற்ற பேரிங் போட்டு, பிஸ்டனும் ரிங்கும் மாற்றி, வால்வு இருக்கைகளைக் கடைந்து, டீசல் பம்பை அளவு சரிபார்த்துப் பூட்டினார்கள். ஆனால் எஞ்சினைப் புதுக்குவது பாதி வேலையே; பொருத்துவதுதான் மீதி. புதிய எஞ்சினின் போல்ட் துளைகளும் பழைய கியர் பெட்டியின் துளைகளும் ஒத்துவராது. இடையில் தடித்த இரும்புத் தகடு ஒன்றைக் கடைந்து இணைக்க வேண்டும். மயிரிழை மையம் விலகினாலும் கிளட்ச்சும் கியர் பெட்டியின் முன்பேரிங்கும் சில மாதங்களில் தீர்ந்துபோகும். ஸ்பிரிங் அமுங்கும்போது எஞ்சின் அடித்தொட்டி முன்னச்சில் இடிக்கக் கூடாது. பெட்ரோலை விடக் கனமான எஞ்சினைத் தாங்க முன்பட்டைகளில் ஒன்று கூட்டவேண்டும். கோ டெவிலின் அழுத்த விகிதம் 6.48, டீசலிலோ அது இருபது அளவில் நிற்கும். அந்த அதிர்ச்சி சட்டத்தின் ஒவ்வொரு ரிவெட்டையும் தேடிப் போகும்.

எங்கள் லேத் பட்டறைக்காரர் அந்தத் தகட்டை மூன்று முறை கடைந்தார் என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். முதல் இரண்டையும் அவரே குப்பையில் எறிந்தாராம். கணக்கு நோட்டில் அதன்பின் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். அந்த மிச்சத்தில்தான் அண்ணன் பாலிடெக்னிக் படித்தார்.

எஞ்சின் எண்ணும் எரிபொருளும் மாறியதை முறையாக ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றியிருந்தார்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே 1989 ஜூலையில்தான். அதன் 52ஆம் பிரிவு 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இறுகியது. உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்றாயிற்று. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. சட்டத்துக்கும் ஒரு மூலபாடம் இருக்கிறது.

இவ்வளவையும் அண்ணனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ பழைய எஞ்சின் எங்கே போச்சு?" என்றார். சிவயோகியாரும் தாம் விட்டுவந்த உடலைத் தேடித்தான் போனார், கிடைக்கவில்லை. எங்கள் ஹரிக்கேன், கிணற்றில் நீர் இறைக்கவென்று சின்னமனூர்ப் பக்கம் விற்கப்பட்டது என்பது வரை தெரிகிறது. அதற்குமேல் தடயமில்லை. எங்கிருந்தோ வேறொரு ஹரிக்கேனை வாங்கி வைத்தால், அது இன்னொரு வண்டியின் எஞ்சினாகத்தான் இருக்கும்.

அண்ணன் விற்கவில்லை. போன மாதம் டீசல் எஞ்சினை மறுபடி இறக்கினார்கள். கிராங்க் ஷாஃப்டில் இனி அரைக்க இடமில்லையாம், வேறு தேடிக்கொண்டிருக்கிறார்கள். பட்டறையில் இப்போது இருப்பவர் அந்த லேத்காரரின் மகன். பிரித்துப் போட்டவற்றுள் அப்பா கடைந்த தகட்டை மட்டும் துடைத்து, அளந்து பார்த்து, மாற்ற வேண்டியதில்லை என்று தனியே எடுத்து வைத்திருக்கிறார்.