சொன்னவர் யார், எழுதியது எது

ஒருவர் சொல்ல நினைத்ததை இன்னொருவர் எழுதிக் கொடுப்பது செயற்கை நுண்ணறிவோடு வந்த வழக்கம் அல்ல. 7-ஆம் நூற்றாண்டு வாக்கில் பிராங்கியர் நாட்டுத் துறவி மார்க்குல்ஃப் தொகுத்த இலத்தீன் மாதிரி ஏட்டில் பத்திரங்களும் கடிதங்களும் ஆயத்தமாக இருந்தன. பெயர் வரவேண்டிய இடத்தில் 'இன்னார்' என்று மட்டும் இருக்கும். 12-ஆம் நூற்றாண்டில் பொலோன்யா ஆசிரியர்கள் கடிதத்தை ஐந்து உறுப்புகளாக வகுத்தார்கள்: விளிப்பு, படிப்பவர் மனம் இளக ஒரு வரி, செய்தி, வேண்டுகோள், முடிப்பு. தமிழில் 'நலம், நலமறிய ஆவல்' என்பதும் அப்படி ஓர் அச்சுதான். அதை எழுதியவர் தன் குரலை இழந்துவிட்டதாக யாரும் சொன்னதில்லை. குரல் அடுத்த வரியில்தானே தொடங்குகிறது?

மாதிரிக் கடிதத்திலிருந்து நாவலே பிறந்த கதையும் உண்டு. லண்டன் அச்சகக்காரர் சாமுவேல் ரிச்சர்ட்சன் பதின்மூன்று வயதிலேயே இளம்பெண்களுக்குக் காதல் கடிதங்களுக்கான பதில்களை எழுதிக் கொடுத்தவர். காதலனைக் கடிந்து எழுதச் சொல்லும் பெண்ணின் மனம் அந்த நேரத்தில் உருகிக்கொண்டிருந்ததைத் தாம் கவனித்ததாகப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். 1739-ல் இரண்டு புத்தக வியாபாரிகள் அவரிடம் சாதாரண மக்களுக்கான கடிதக் கையேடு ஒன்று கேட்டார்கள். பாதியில், எசமானின் தொல்லைக்கு ஆளான வேலைக்காரப் பெண்ணைப் பற்றிய கடிதங்கள் அவரை இழுத்துக்கொண்டன. அதுவே 1740-ல் 'பமீலா' நாவலாயிற்று. கையேடு 1741-ல்தான் வெளிவந்தது.

வாயால் சொல்லி எழுதுவிப்பதில் தமிழ்நாட்டின் பெரிய சான்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876). அவர் செய்யுள் சொல்லச் சொல்ல மாணவர் ஒருவர் எழுத்தாணியால் ஓலையில் எழுதுவார். 1871-ல் மாயூரத்தில் அவரிடம் சேர்ந்த உ.வே. சாமிநாதையரும் அந்த வேலை பார்த்தவர். எழுதும் கை எதையும் மாற்றிவிடாமல் யாப்பு காவல் இருந்தது. ஒரு சீர் பிசகினாலும் ஓசை இடறிவிடும்.

உரைநடைக்கு அந்தக் காவல் இல்லை. அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸுக்கு 1896-97 வாக்கில் மணிக்கட்டு வலி வந்தது. ஆள் வைத்துத் தட்டச்சில் எழுதுவித்தார். 'வாட் மெய்ஸி நியூ' நாவலில் எந்த அத்தியாயத்தில் பேனா நின்று வாய் தொடங்கியது என்று தங்களால் சுட்டிக்காட்ட முடியும் என்று நண்பர்கள் சிலர் சொல்லிக்கொண்டார்கள். வாக்கியங்கள் நீண்டு, கிளைவிட்டு, திரும்பிவந்து முடியும் அவருடைய பிற்கால நடை அதன் பின் வலுத்தது. 1907 முதல் அவரிடம் வேலை செய்த தியோடோரா போசங்கெட் எழுதிய சிறு நூலில் இந்த ஏற்பாடு அணுக்கமாகத் தெரிகிறது. ஜேம்ஸ் அறையில் நடந்துகொண்டே சொல்வார். காற்புள்ளியையும் சேர்த்தே சொல்வார். ரெமிங்டன் இயந்திரத்தின் சத்தம் அவருக்கு ஊக்கம். அது பழுதாகி, ஓசை குறைந்த வேறு இயந்திரம் வந்த இரண்டு வாரமும் தவித்துப் போனார். ஆனால் நாடகமோ சிறுகதையோ என்றால் பேனாவை எடுத்துவிடுவார், சொல்லி எழுதுவித்தால் நீண்டுவிடும் என்று. கருவி தம் நடையை என்ன செய்கிறது என்பது அவருக்கே தெரிந்திருந்தது. இந்த வரலாற்றில் அது அபூர்வம்.

ஜெர்மன் தத்துவ அறிஞர் நீட்சேயும் இதைக் கண்டுகொண்டவர். பார்வை மங்கியதால் 1882-ல் அவர் மாலிங்-ஹான்சனின் எழுத்துப்பந்து என்ற தட்டச்சு இயந்திரத்தைச் சில வாரங்கள் பயன்படுத்தினார். எழுதும் கருவியும் நம் எண்ணத்தோடு சேர்ந்து வேலை செய்கிறது என்று அப்போது நண்பருக்கு எழுதினார்.

இதுவரை கருவி சொல்லைப் பதிந்ததே தவிர, தேர்ந்தெடுத்ததில்லை. அந்த வேலி 1952-ல் மான்செஸ்டரில் உடைந்தது. கணினி நிரலாளர் கிறிஸ்டோபர் ஸ்ட்ராச்சி, அங்கிருந்த பெரண்டி கணினிக்குக் காதல் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தார். வாக்கியக் கூடு இரண்டு வகைதான். காலியிடங்களை, ரோஜே சொற்களஞ்சியத்திலிருந்து எடுத்த பெயர்களாலும் அடைமொழிகளாலும் குலுக்கல் முறையில் கணினி நிரப்பும். கையொப்பம், பல்கலைக்கழகக் கணினியின் பெயர்ச்சுருக்கமான எம்.யு.சி. மார்க்குல்ஃபின் ஏட்டில் 'இன்னார்' மட்டுமே வெற்றிடம். இங்கே அன்பே வெற்றிடம். மறுவருடமே ரோல்ட் டால், கதை எழுதும் இயந்திரம் ஒன்று எழுத்தாளர்களின் பிழைப்பைப் பறிப்பதாகக் கதை எழுதினார்.

அடுத்து வந்தவை திருத்தும் கருவிகள். பெல் ஆய்வகத்தின் 'ரைட்டர்ஸ் வொர்க்பெஞ்ச்' 1980-களின் தொடக்கத்திலேயே நீட்டி முழக்கும் தொடர்களைச் சுட்டிக்காட்டியது. பிறகு வேர்டு மென்பொருளின் சிவப்பு நெளிகோடு. பொது வழக்கை அளவுகோலாக வைத்த எந்தக் கருவிக்கும் வட்டாரச் சொல் பிழையாகவே படும். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களுக்கென 1982-ல் தனி அகராதியே கொண்டுவந்தார். அவருடைய ஒரு பக்கத்தை அத்தகைய கருவியில் இட்டால் கோடாகவே வந்து நிற்கும்.

பிறகு கருவிகள் திருத்துவதிலிருந்து முன்கூட்டியே சொல்லித் தருவதற்கு மாறின. 2015-ல் வந்த கூகுளின் ஆயத்தப் பதில் வசதியின் சோதனை வடிவம், அலுவலக மின்னஞ்சலுக்குக்கூட 'ஐ லவ் யூ' என்று பதில் சொல்லப் பரிந்துரைத்தது. பயின்ற அஞ்சல்களில் அது அடிக்கடி வந்ததுதான் காரணம். எது மிகப் பொதுவோ அதுவே முதலில் வரும். அலுவலகத்தில் இது சிரிப்புக்கிடம். தன் ஊரைப் பற்றி எழுதுபவருக்கு அப்படி இல்லை. கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தியர், அமெரிக்கர் என 118 பேரை ஆங்கிலத்தில் எழுத வைத்து 2025-ல் முடிவை வெளியிட்டார்கள். இந்தியர் பிடித்த உணவை எழுதத் தொடங்கினால் செயற்கை நுண்ணறிவுப் பரிந்துரைக் கருவி பீட்சாவை நீட்டியது. பண்டிகை என்றால் கிறிஸ்துமஸ். பிரியாணி என்றே எழுதியபோதும், என்னென்ன சேர்ந்தது, தொட்டுக்கொள்ள என்ன என்ற விவரம் போய், செழுமையான சுவை என்பது போன்ற யாருக்கும் பொருந்தும் பேச்சு வந்தது. இந்தியர் நடை அமெரிக்கர் நடையை நோக்கி நகர்ந்தது.

2022 நவம்பர் 30-ல் சாட்ஜிபிடி வந்தபின் முழுக் கட்டுரையே கேட்டால் கிடைக்கும் நிலை. இரண்டே ஆண்டில் அது அடிக்கடி கையாண்ட 'டெல்வ்' (ஆழ்ந்து ஆராய்) என்ற ஆங்கில வினைச்சொல் மருத்துவ ஆய்வுச் சுருக்கங்களில் திடீரெனப் பெருகியதை ஆய்வாளர்கள் எண்ணிக் காட்டினார்கள். 148 நாள் நீடித்த ஹாலிவுட் எழுத்தாளர் வேலைநிறுத்தம் 2023 செப்டம்பரில் முடிந்தபோது ஒப்பந்தத்திலும் செயற்கை நுண்ணறிவு இடம்பெற்றது: இயந்திரத்தை எழுத்தாளராகக் கொள்ள முடியாது; நிறுவனம் இசைந்தால் எழுத்தாளர் அதைப் பயன்படுத்தலாம்; பயன்படுத்தியே ஆகவேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

2024 ஜனவரியில் ஜப்பானின் அகுதகாவா விருது பெற்ற ரியே குதான், தம் நாவலில் 5 சதவீதம் அளவுக்குச் சாட்ஜிபிடியின் வாக்கியங்கள் அப்படியே இருப்பதாகச் சொன்னார். கண்டனம் கிளம்பியபோது விளக்கமும் தந்தார். நாவலில் ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவி வருகிறது; பாத்திரம் கேட்கும் கேள்விக்கு அது சொல்லும் பதில்களில்தான் அந்த வாக்கியங்கள் இருக்கின்றன.