தோள் ரண சிகிச்சைக்குப் பிந்தைய மீட்சி

தோள் மூட்டில் ரண சிகிச்சை நடந்தபின், தைக்கப்பட்ட பாகம் பழுதின்றி ஆறுவதற்கும், இறுகிய மூட்டு மீண்டும் அசைவதற்கும், மெலிந்த தசைகள் பலம் பெறுவதற்கும் கைக்கொள்ளப்படும் ஓய்வு, தேகப்பயிற்சி, நோவடக்கும் சிகிச்சை ஆகியவை இத்தலைப்பில் அடங்கும். மனித சரீரத்திலுள்ள மூட்டுக்கள் அனைத்திலும் அதிகமான திசைகளில் அசையவல்லது தோளே. அவ்வாறு அசைவதற்கேற்ப, மேற்கை எலும்பின் உருண்டைத் தலைக்கு இடங்கொடுக்கும் தோள்பட்டைக் குழி மிகவும் ஆழமற்றதாக அமைந்திருக்கிறது. இடுப்பில் எலும்பே எலும்பைத் தாங்குகிறது. தோளிலோ நான்கு தசைகளின் நாண்கள் ஒன்றுகூடி அத்தலையைக் குழியோடு அணைத்துப் பிடிக்கின்றன. அந்நாண்கள் கிழிந்து, அவற்றைத் தைத்த பிறகு பல வாரம் அவற்றுக்கு வேலை கொடுக்கலாகாது என்பதும், அதே சமயம் நெடுநாள் அசையாதிருந்தால் மூட்டு இறுகிவிடும் என்பதும் இவ்வமைப்பிலிருந்தே விளைகின்றன. மீட்சிக் காலத்துச் சிரமங்களில் பெரும்பாலானவை இவ்விரண்டின் முரண்பாட்டிலிருந்தே தோன்றுகின்றன.

வரலாறு: தோள் நாண் கிழிந்திருப்பதைப் பிரேதங்களில் கண்டு, 1834-ல் லண்டன் மருத்துவப் பத்திரிகையொன்றில் விவரித்தவர் ஜே. ஜி. ஸ்மித் என்பவர். 1872-ல் பாரிஸ் நகரத்து ரண வைத்தியர் டியூப்ளே, தோள் நோவுக்கு மூட்டைச் சூழ்ந்த மெல்லிய திசுக்களே காரணமாகக்கூடும் என்று எடுத்துக்காட்டி, ஒட்டிக்கொண்ட தோளை நோயாளி மயக்கத்திலிருக்கும்போது பலவந்தமாக அசைத்து விடுவிக்கும் முறையை ஆதரித்தார். 1893-ல் அதே நகரில் பெயான் என்பவர், காசநோயால் தோள் அரிக்கப்பட்டிருந்த ரொட்டித் தொழிலாளி ஒருவருக்குப் பிளாட்டினமும் ரப்பரும் கொண்டு செய்த செயற்கை மூட்டைப் பொருத்தினார். கிருமிகள் மீண்டும் தலைகாட்டியதால் சுமார் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அதை எடுத்துவிட நேர்ந்தது.

எனினும் தோளைப் பற்றிய அறிவையும் அதன் மீட்சி முறையையும் ஒருங்கே நிலைநாட்டிய பெருமை, பாஸ்டன் நகரத்து எர்னஸ்ட் அமோரி காட்மன் (1869-1940) ஒருவருக்கே உரியது. அவர் 1909-ல் கிழிந்த நாணைத் தைத்து, அவ்வாறு குணமடைந்த இரு நோயாளிகளின் விவரத்தை 1911-ல் பிரசுரித்தார். நோயாளி ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை எழுதி வைத்து, ஓராண்டாவது அவரைத் தொடர்ந்து கவனித்து, கை உண்மையில் உதவுகிறதா என்று கண்டறிந்தாலன்றிச் சிகிச்சை பலித்ததாகச் சொல்லலாகாது என்பது அவருடைய கொள்கை. ரணம் ஆறியதையே வெற்றியாகக் கொண்டாடும் வழக்கத்துக்கு இது நேர்விரோதமாயிருந்தது. இக்கொள்கையை ஆஸ்பத்திரிகள் யாவும் ஏற்கவேண்டுமென்று அவர் வற்புறுத்தி, 1915-ல் ஒரு வைத்தியர் கூட்டத்தில் சக வைத்தியர்களைப் பரிகசிக்கும் சித்திரமொன்றைத் திறந்து காட்டியபோது, பலருடைய பகைக்கு ஆளானார். 1934-ல் அவர் வெளியிட்ட ‘தோள்’ என்னும் பெருநூல், நாண் கிழிதலையும் காரணமின்றித் தோள் இறுகிப்போகும் வியாதியையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. இத்தகையவருடைய சமாதியில் 2014 வரையில் பெயர் பொறித்த கல்லொன்றும் இல்லாதிருந்தது வருந்தத்தக்கது.

குனிந்து ஆட்டும் பயிற்சி: நிமிர்ந்து நின்று கையைத் தோள்மட்டத்துக்கு முன்னே நீட்டுவதும், இடுப்பை வளைத்துக் குனிந்து கையைத் தரைநோக்கித் தொங்கவிடுவதும் மூட்டைப் பொறுத்தவரை ஏறக்குறைய ஒரே நிலைதான், ஆனால் முன்னதில் கையின் பாரத்தைத் தாங்கத் தைத்த நாணும் இழுக்க வேண்டியிருக்க, பின்னதில் பூமியின் ஆகர்ஷணமே அவ்வேலையைச் செய்துவிடுகிறது. காட்மனின் பெயரால் இன்றும் வழங்கும் பயிற்சிக்கு ஆதாரம் இந்த எளிய உண்மையே. நோயாளி, கையைக் கழுத்திலிருந்து தாங்கும் துணிக்கட்டாகிய ஸ்லிங்கைக் கழற்றி, நல்ல கையை மேசை விளிம்பில் ஊன்றி, முழங்கால்களைச் சற்றே மடக்கி, முதுகு தரைக்குச் சமமாக வரும்வரை குனிகிறார். தொங்கும் கையின் விரல்கள் தளர்ந்திருக்க, உடம்பை மட்டும் முன்னும் பின்னும், பிறகு வட்டமாகவும் மெல்ல அசைக்கும்போது, கை கடிகாரப் பெண்டுலத்தைப்போல் தானே ஆடுகிறது. ஆட்டுவது உடம்பே அன்றித் தோள் அன்று. வட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் குறுக்களவுக்குள் இருத்தல் நலம். விரைவில் குணமடைய வேண்டும் என்னும் ஆவலால் கையைப் பெரிதாக வீசிச் சுழற்றுவோரிடத்தில், ஓய்ந்திருக்க வேண்டிய தசைகள் வேலை செய்யத் தொடங்கிவிடுகின்றன.

நோவடக்கும் முறைகள்: கழுத்தின் பக்கவாட்டில், கைக்குச் செல்லும் நரம்புத் தொகுதியின் அருகே மருந்தேற்றித் தோளை மரத்துப்போகச் செய்யும் முறையை, இன்று வழங்கும் வடிவில் 1970-ல் விவரித்தவர் அமெரிக்க மயக்க மருந்து நிபுணரான வின்னி. ஒருமுறை ஏற்றிய மருந்து பெரும்பாலும் 12 மணி முதல் 24 மணி நேரம்வரை நோவு தெரியாமல் காக்கிறது. அப்பக்கத்து உதரவிதானம் தற்காலிகமாகச் செயலற்றுப்போவதால் சுவாச வியாதியுள்ளவர்களுக்கு இது ஏற்றதன்று. மரப்பு நீங்கும் வேளையில், அது நள்ளிரவாக இருப்பதும் உண்டு, நோவு திடீரென்று பொங்கி எழுகிறது. இதை முன்னரே நோயாளிக்குச் சொல்லிவைப்பது வைத்தியரின் கடமை. ஏனெனில், விரல்களில் உணர்ச்சி திரும்பும்போதே மாத்திரையை உட்கொண்டவருக்கும், வேதனை உச்சத்துக்கு ஏறிய பின் தேடுபவருக்கும் அவ்விரவு வெவ்வேறாகவே கழிகிறது. வைத்தியர் குறித்த அளவில் பாரசிட்டமாலை வேளை தவறாமல் உட்கொள்வது அடிப்படை. வீக்கந்தணிக்கும் மாத்திரைகளுள் சில, நாண் எலும்போடு ஒட்டுவதைத் தடைசெய்வதாக எலிகளிடத்தில் செய்த பரிசோதனைகள் காட்டியிருப்பதால், நாண் தைக்கப்பட்டவர் முதல் சில வாரம் அவற்றைத் தவிர்ப்பதே உசிதம். அபினி இனத்து மருந்துகள் சில நாட்களுக்கு மேல் வேண்டுவதில்லை. துணி சுற்றிய ஐஸ் ஒத்தடம், ஒரு வேளைக்கு 15 அல்லது 20 நிமிஷம், வீக்கத்துக்கும் நோவுக்கும் ஒருங்கே நல்லது.

பகலில் அடங்கியிருக்கும் நோவு படுத்தவுடன் மிகுவது பலருடைய அனுபவம். மட்டமாகப் படுக்காமல், முதுகுக்குத் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து, முழங்கை உடம்புக்குப் பின்னால் சரிந்துவிடாதபடி அதன் கீழே மடித்த துண்டு ஒன்றை வைத்துக்கொண்டால் நித்திரை கூடும். முன்புறம் பொத்தானுள்ள சட்டையே இக்காலத்துக்கு ஏற்றது. சிகிச்சை பெற்ற கையை முதலில் நுழைத்து, கழற்றும்போது அதையே கடைசியில் எடுக்க வேண்டும்.

மீட்சியின் படிகள்: நாண் தைத்தவருக்கு முதல் 4 முதல் 6 வாரம் ஸ்லிங் அவசியம், அக்காலத்திலும் விரல், மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றை நாள்தோறும் மடக்கி நீட்டாவிடில் அவை வீங்கி இறுகும். பிறர் உதவியாலோ மறுகையின் உதவியாலோ அசைத்தல் முதலிலும், ஏறத்தாழ 6-ஆம் வாரத்துக்குப் பின் தானே உயர்த்துதலும், 12-ஆம் வாரத்துக்குப் பின் ரப்பர் பட்டை முதலியவற்றால் பலம் கூட்டுதலும் முறையே வரும். சில வைத்தியர்கள் முதல் வாரத்திலேயே மூட்டை முழு அளவுக்கு அசைக்கத் தொடங்குவர். பெரிய கிழிவுகளில் அவசரம் தையலுக்கே கேடாய் முடியுமாதலின், பொறுத்திருந்து தொடங்குவதே சிறந்த வழி. இறுக்கத்தைப் பின்னர்ப் பெரும்பாலும் தளர்த்திவிடலாம். அறுந்த நாணை மறுபடி தைப்பது எளிதன்று. பயிற்சியின்போது இழுப்பும் சிறு நோவும் இயல்பு. பயிற்சி முடிந்த சற்று நேரத்தில் அது தணிந்தால் அஞ்ச வேண்டியதில்லை, இரவைக் கெடுத்து மறுநாளும் நிலைத்தால் அளவைக் குறைக்க வேண்டும். நோவுக்கு அஞ்சிக் கையை மார்போடு அணைத்தே இருப்பவரும், நோவைப் பொருட்படுத்தாமல் வீரம் காட்டுபவரும் ஒருங்கே நஷ்டமடைவதை இயன்முறை வைத்தியர்கள் நித்தியம் காண்கின்றனர். காய்ச்சல், ரணத்தில் நீர் வடிதல், திடீரென்று ஏதோ அறுந்ததுபோன்ற உணர்ச்சியோடு பலம் குன்றுதல் ஆகியவை தோன்றினால் தாமதமின்றி வைத்தியரிடம் செல்ல வேண்டும். கடின உழைப்புக்கும் விளையாட்டுக்கும் திரும்ப 6 மாதம் முதல் ஓராண்டு ஆகலாம்.

தற்கால நிலை: சிறு துவாரங்கள் வழியே கருவி செலுத்தித் தைக்கும் முறை பரவியிருப்பதாலும், பிரான்ஸ் தேசத்துக் கிராமோன் 1985-ல் அமைத்த, குண்டும் குழியும் இடம் மாறிய செயற்கை மூட்டு வழக்கத்துக்கு வந்திருப்பதாலும், நோயாளிகள் பலர் இக்காலத்தில் சிகிச்சை முடிந்த அன்றோ மறுநாளோ வீடு திரும்புகின்றனர்.