நெருப்பு இருக்கிறதா?

பெட்டிக்கடைத் தூணில் கட்டித் தொங்கவிடப்பட்ட புகையும் கயிற்றை இன்று காண்பது அரிது. தேங்காய் நார்க்கயிறு, அதன் நுனியில் ஒரு கங்கு. ஒற்றைப் பீடியோ சிகரெட்டோ வாங்குபவர் அந்தக் கங்கில் பற்றவைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். கடைக்காரருக்கு ஒரு தீக்குச்சி மிச்சம். புகைப்பழக்கத்தின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் இலையைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். போர்த்துக்கீசியர் புகையிலையைக் கொண்டுவந்தது, ஜஹாங்கீர் அதைத் தடைசெய்து பார்த்தது, திண்டுக்கல்லிலும் உறையூரிலும் சுருட்டுத் தொழில் செழித்தது என்று அந்த வரலாறு நீள்கிறது. நெருப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்கள் குறைவு. அந்தக் கேள்வியைக் கேட்டால் நாம் வந்து நிற்கும் இடம் சிவகாசி.

ஹூக்காவுக்கு ஒரு வீடும் ஓர் ஏவலாளும் தேவை. சுருட்டுக்குத் திண்ணையும் ஓய்வும் வேண்டும். சிகரெட்டுக்கும் பீடிக்கும் சட்டைப்பை போதும். ஆனால் சட்டைப்பையில் அடுப்பைக் கொண்டுபோக முடியாது. ஆகவே எங்கும் கொண்டுபோகக்கூடிய நெருப்பு மலிவாகக் கிடைத்த பிறகுதான் புகை நடமாடத் தொடங்கியது. பழைய தீக்குச்சிகள் வெள்ளைப் பாஸ்பரஸால் ஆனவை. அவற்றைச் செய்த தொழிலாளர்களின் தாடையெலும்பை அந்த நஞ்சு அழுகச் செய்தது. 1906ஆம் ஆண்டு பெர்ன் உடன்படிக்கை அதை விலக்கியது. இந்தியாவில் 1913இல் தடைச்சட்டம் வந்தது. அதன்பின் நிலைத்தது ஸ்வீடனில் உருவான பாதுகாப்புத் தீக்குச்சி. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டும் உரசினால்தான் தீ. இந்த இரண்டையுமே நம் ஊர்களில் 'மருந்து' என்கிறார்கள் என்பது தமிழின் விநோதங்களில் ஒன்று.

முதல் உலகப்போர்க் காலத்தில் இந்தியாவுக்குப் பெருமளவு தீப்பெட்டி ஜப்பானிலிருந்து வந்தது. 1922இல் ஆங்கிலேய அரசு இறக்குமதித் தீப்பெட்டிக்கு வரியை உயர்த்தியது. ஒரு குரோசுக்கு, அதாவது 144 பெட்டிகளுக்கு, ஒன்றரை ரூபாய். கணக்குப் போட்டால் பெட்டிக்கு 2 தம்பிடி. அற்பமான தொகைதான். ஆனால் அந்த 2 தம்பிடி இரு வேறு மனிதர் கூட்டங்களை ஒரே நேரத்தில் அசைத்தது. ஒன்று, உலகத் தீப்பெட்டிச் சந்தையை வளைத்துக்கொண்டிருந்த ஐவர் குரூகரின் ஸ்வீடன் நிறுவனம். வரிச்சுவருக்கு உள்ளேயே தொழிற்சாலை கட்டுவதென்று முடிவெடுத்து அது இங்கே விம்கோவைத் தொடங்கியது. (வடசென்னையின் விம்கோ நகரில் மெட்ரோவிலிருந்து இறங்குபவர்கள் ஒருமுறை அந்தப் பெயரை நினைத்துக்கொள்ளலாம்.) மற்றொன்று, சிவகாசியைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள். பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு, அடுத்த ஆண்டு ஊர் திரும்பினார்கள்.

அவர்கள் கொண்டுவந்த இயந்திரத்தைவிட அவர்கள் ஊரில் ஏற்கெனவே இருந்த இரண்டு விஷயங்களே தொழிலை நிறுத்தின என்பது என் எண்ணம். மழை பொய்த்த கரிசல். அதனால் சும்மா கிடந்த கைகள். மருந்து காய வெயில் வேண்டும், குச்சி அடுக்கக் கைகள் வேண்டும். விம்கோ இயந்திரத்தால் செய்ததைச் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்கள் விரல்களால் செய்தன. விலையில் ஸ்வீடன் நிறுவனம் திணறியது. தீப்பெட்டிக்கு ஒட்டும் படத்துக்காக அச்சகம் வந்தது. அச்சகத்துக்குப் பின் நாட்காட்டி வந்தது. 1940 வாக்கில் பட்டாசு வந்தது. 'குட்டி ஜப்பான்' என்று ஊருக்குப் பெயர் வந்தபோது, ஜப்பான் தீப்பெட்டியை விரட்டிய ஊர் அது என்பதை எத்தனைபேர் நினைத்துப் பார்த்தார்களோ தெரியவில்லை.

இனி கவர்ச்சியைப் பற்றி. புகைப்பதை வெறுப்பவர்கள் அதில் ஒன்றுமே இல்லை என்று எழுதும்போது வாசகன் நம்புவதில்லை; அவனுக்குத் தெரியும். நிக்கோட்டின் ஒரு பாதி மட்டுமே. மறு பாதி, கூலிவேலைக்காரனுக்குக் கிடைக்கும் ஐந்து நிமிடம். 'ஒரு பீடி குடிச்சிட்டு வர்றேன்' என்று சொல்லிவிட்டு நிழலுக்கு ஒதுங்கலாம். 'சும்மா நின்னுட்டு வர்றேன்' என்று சொல்ல முடியாது. அடுத்தது, நெருப்பைக் கேட்பது. முன்பின் தெரியாத இருவர் பேருந்து நிலையத்தில் 'தீப்பெட்டி இருக்கா?' என்ற ஒரே கேள்வியால் அறிமுகமாகிவிடுவார்கள். தண்ணீர்ச் செம்புக்குச் சாதி பார்த்த ஊர்களிலும் தீக்குச்சி அவ்வளவு கூச்சப்படவில்லை. காற்றுக்கு இரு உள்ளங்கைகளையும் குவித்து இன்னொருவன் முகத்தருகே சுடரைக் காப்பது நெருக்கமான ஒரு செயல். எழுபதுகளின் பிற்பகுதியில் ரஜினிகாந்த் திரையில் செய்து காட்டிய வித்தைகளில் பாதி சிகரெட்டுடையது, மீதி நெருப்புடையது. எம்.ஜி.ஆர். தம் படங்களில் புகைக்காமல் காத்துக்கொண்டதை இதன் எதிரில் வைத்துப் பார்த்தால், ஒரு தலைமுறையின் ரசனை எங்கே திரும்பியது என்பது விளங்கும்.

தீங்கின் கணக்கு இதைவிட எளிது, அதனாலேயே கொடியது. 1950இல் இங்கிலாந்தில் டாலும் ஹில்லும் நுரையீரல் புற்றைச் சிகரெட்டோடு இணைத்தார்கள். நமக்கு நேர்வது வேறு மாதிரி. சென்னையிலும் விழுப்புரம் பகுதிக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களைப் பற்றி வேந்தன் கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோவும் பிறரும் செய்த ஆய்வு 2003இல் லான்செட் இதழில் வந்தது. காசநோயால் இறந்த ஆண்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் மரணத்துக்குப் புகையே காரணம் என்றது அது. மேலைநாட்டில் புற்றுநோயாக வருவது இங்கே ஏழையின் நுரையீரலில் உறங்கிக்கிடக்கும் காசத்தைத் தட்டி எழுப்புகிறது. இந்தியா முழுமைக்குமான 2008ஆம் ஆண்டு ஆய்வு, பீடி குடிக்கும் ஆண் சராசரியாக 6 ஆண்டுகளையும், சிகரெட் குடிப்பவர் 10 ஆண்டுகளையும் இழக்கிறார் என்று கணித்தது. பீடி இலைதானே, அவ்வளவு கெடுதல் இல்லை என்று ஆறுதல் சொல்லிக்கொள்வோர் அந்த 6 ஆண்டை யாரிடம் திருப்பிக் கேட்பார்கள்?

குடிப்பவனின் நுரையீரலோடு கணக்கு முடிவதில்லை. தென்தமிழகத்து ஆணின் சட்டைப்பையில் இருந்த பீடிக்கட்டு முக்கூடல், மேலப்பாளையம், கடையநல்லூர்ப் பெண்கள் மடியில் முறத்தை வைத்துச் சுற்றியது. அதே பையின் தீப்பெட்டி சாத்தூர், சிவகாசிப் பெண்களும் பிள்ளைகளும் சட்டத்தில் குச்சி அடுக்கிச் செய்தது. இரண்டுமே எண்ணிக்கைக்குக் கூலி. விடியுமுன்னே கிராமங்களுக்கு வந்து தூக்கம் கலையாத குழந்தைகளைத் 'தீப்பெட்டி ஆபீசு'க்கு ஏற்றிச்சென்ற பேருந்துகளை எழுபதுகள், எண்பதுகளின் கரிசல்காட்டார் மறந்திருக்க மாட்டார்கள். சலம் பென்னூர்கர் 1990இல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படமும், பூமணி இயக்கிய 'கருவேலம்பூக்கள்' திரைப்படமும் அந்தப் பேருந்துகளின் உலகத்தைப் பதிவுசெய்தன. எம்.சி. மேத்தா வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 டிசம்பரில், அபாயத் தொழிலில் வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்தவேண்டும் என்றது. தீப்பெட்டியின் விலை அதுவரை ஏன் அத்தனை மலிவாக இருந்தது என்பதற்கான விடை அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

நாட்டுக்கே நெருப்பு விற்ற இந்த வட்டாரத்தில்தான் நெருப்பின் மீதான அச்சமும் மிகுதி. பட்டாசு ஆலைக்குள் பீடி, சிகரெட், தீப்பெட்டி எதையும் கொண்டுபோகக் கூடாது என்பது வெடிபொருள் விதி. 'பயராபீஸ்' என்று ஊரார் அழைக்கும் அந்த ஆலைகளின் வாசலிலேயே இளைப்பாறும் உரிமையும் நின்றுவிடுகிறது. ஆனால் விபத்துகளை எல்லாம் எவனோ ஒருவனின் பீடித்துண்டின்மேல் ஏற்றிவிடுவதும் நியாயமல்ல. மருந்து உராய்வதாலும், அளவுக்குமேல் ஆளையும் சரக்கையும் ஓரிடத்தில் அடைப்பதாலும் நேர்ந்தவை ஏராளம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 38 பேர் இறந்தபோது, அனுமதிக்கப்பட்டதைவிட அதிக ஆட்களும் மருந்தும் இருந்ததே முதன்மையான குற்றச்சாட்டாக எழுந்தது.

அரசு இந்தத் தராசின் இரு தட்டிலும் கைவைத்திருக்கிறது. தீப்பெட்டிக்கு 1934இலும் புகையிலைக்கு 1943இலும் கலால் வரி போட்டது ஆங்கிலேய ஆட்சி. சுதந்திர அரசும் இரண்டு வருவாயையும் விடவில்லை. முரளி தேவ்ரா வழக்கில் 2001 நவம்பரில் வந்த உச்சநீதிமன்ற ஆணைக்குப் பிறகு 2003இல் சட்டம், 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் முழுத்தடை. அப்போது சுகாதார அமைச்சர் அன்புமணி. இந்தத் தடைகள் பேசப்படும்போதெல்லாம் 'லட்சக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பு' என்ற எடைக்கல் தட்டில் வைக்கப்படும். அதை வைப்பவர்கள் யார் என்று பார்ப்பது நல்லது. சிகரெட்டின் மாபெரும் நிறுவனமான ஐ.டி.சி., 2002 வாக்கில் சிறுதொழில் கூடங்களிலிருந்து தீப்பெட்டி வாங்கித் தன் பெயரில் விற்கத் தொடங்கியது. 2005இல் விம்கோவையும் வாங்கிவிட்டது. குச்சி அடுக்கும் பெண்ணின் கூலியைப் பற்றிய கவலை அந்த வரலாற்றில் எங்கேயும் தலைகாட்டவில்லை.

தீப்பெட்டித் தொழிலைக் கடைசியில் அசைத்தது புகையெதிர்ப்பும் அல்ல. தானாகப் பற்றும் எரிவாயு அடுப்பும், பத்து ரூபாய் பிளாஸ்டிக் லைட்டரும்தான். பதினான்கு ஆண்டுகள் 1 ரூபாயிலேயே நின்ற பெட்டி 2021 டிசம்பர் 1இல் 2 ரூபாய் ஆயிற்று. லைட்டரைத் தடைசெய்யச் சொல்லி 2022இல் தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலின் ஒன்றிய அரசுக்கு எழுதினார். 2023 ஜூனில், 20 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள சிகரெட் லைட்டர்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. 1922இல் ஜப்பான் தீப்பெட்டிக்கு எதிராக எழுந்த வரிச்சுவர், நூறாண்டு கழித்து வேறொரு வெளிநாட்டு நெருப்புக்கு எதிராக எழுந்திருக்கிறது. அப்போது அதனால் பிறந்த தொழிலை இப்போது காப்பாற்றுவதற்காக. கயிறு தொங்கிய அதே தூணில் இன்று பல பெட்டிக்கடைகளில் ஒரு லைட்டர் நூலில் கட்டித் தொங்குகிறது.