கியோர்க் கீஸேயின் மேசை

ஈரோட்டில் ஒரு ஜவுளி மண்டியில் பல வருஷம் கணக்கு எழுதியவன் நான். ஐரோப்பிய ஓவியங்களில் ராஜாக்களையும் தேவதைகளையும் விட என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு வியாபாரியின் படம். ஜெர்மன் ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன் 1532-ல் லண்டனில் வரைந்தது. இப்போது பெர்லின் அரசு ஓவியக்கூடத்தில் இருக்கிறது. படத்தில் இருப்பவர் கியோர்க் கீஸே. ஊர் டான்ஸிக், அதாவது இன்றைய போலந்தின் க்தான்ஸ்க். வயது 34.

முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. சிரிப்பில்லை, கவலையும் இல்லை. ஆளைத் தெரிந்துகொள்ள மேசைக்குத்தான் போக வேண்டும்.

மேசைமேல் துருக்கிக் கம்பளம். அத்தனை விலை கொடுத்து வாங்கியதைத் தரையில் போட்டு மிதிக்க அந்தக் காலத்து ஐரோப்பியருக்கு மனம் வராது, மேசையில்தான் விரிப்பார்கள். இந்த வகைக் கம்பளங்களை ஹோல்பைன் பெயராலேயே இன்றும் அழைக்கிறார்கள். கம்பளத்தின்மேல் இறகுப் பேனாக்கள், கத்தரிக்கோல், முத்திரை, நாணயம் வைக்கும் டப்பா, சின்னதாக ஒரு கடிகாரம். பின்னால் மரப்பலகைச் சுவர். தட்டுகளில் புத்தகங்கள், ஒரு பக்கம் தராசு. சுவரில் அடித்த சட்டங்களுக்குள் கடிதங்கள் செருகியிருக்கின்றன. மேலே ஒரு தட்டிலிருந்து நூல் உருண்டை தொங்குகிறது, நம் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டச் சணல் உருண்டை தொங்குவதுபோல. கட்டுகளைக் கட்ட நூல், ஒட்ட அரக்கு, அரக்கில் பதிக்க முத்திரை: ஒரு கடிதம் கப்பலேறும் வழி முழுவதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

கீஸே கையில் இருப்பதும் ஒரு கடிதம்தான். விலாசத்தைப் படிக்க முடிகிறது. இங்கிலாந்தின் லண்டனில் இருக்கும் என் சகோதரர் கீஸே கையில் சேர்க்க என்று வட ஜெர்மன் பேச்சு வழக்கில் எழுதியிருக்கிறது. ‘நான் இன்னார்’ என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. வேறொருவர் அவரை எப்படி அழைக்கிறார் என்பதைத்தான் காட்டுகிறார். என் கணக்கில், ஒரு வியாபாரி தன்னைப் பற்றித் தரக்கூடிய சாட்சி இதைவிடப் பெரிதாக வேறில்லை. கடல் தாண்டிய ஊரில் சரக்கு அனுப்புகிறவன் இவர் முகத்தைப் பார்த்தே இருக்கமாட்டான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் இவர் கையெழுத்தும் முத்திரையும்தான்.

இவர் இருந்த இடத்தையும் சொல்ல வேண்டும். ஹன்சா என்ற வட ஜெர்மன் வணிகக் கூட்டமைப்பைச் சேர்ந்த நகரங்களின் வணிகர்களுக்குத் தேம்ஸ் கரையில் ஸ்டீல்யார்டு என்று தனி வளாகம் இருந்தது. படகுத்துறை, கிடங்கு, கூட்ட மண்டபம், மதுக்கடை எல்லாம் ஒரே மதிலுக்குள். மெழுகும் தானியமும் மரமும் வரும். இங்கிலாந்துக் கம்பளித் துணி போகும். குடும்பம் வைத்துக்கொள்ள அனுமதி கிடையாது. உள்ளூர்க்காரர்களுக்கு இவர்கள்மேல் பொறாமையும் உண்டு, சந்தேகமும் உண்டு. மதச் சீர்திருத்தவாதி லூத்தரின் தடைசெய்யப்பட்ட நூல்களைக் கடத்தி வருகிறார்களா என்று 1526-ல் அரசரின் ஆலோசகர் தாமஸ் மோர் தானே ஆட்களோடு வந்து சோதனை போட்டார்.

அதே மோர்தான் ஹோல்பைனின் முதல் லண்டன் பயணத்தில் ஆதரவு தந்தவர். ஹோல்பைன் 1532-ல் திரும்பி வந்தபோது நிலைமை மாறியிருந்தது. அந்த மே மாதம் மோர் லார்டு சான்சலர் பதவியை விட்டு விலகினார். ஓவியர் ஸ்டீல்யார்டு வணிகர்களிடம் போனார். தன் மொழி பேசுகிறவர்கள், கையில் காசுள்ளவர்கள். அவர்களில் பலரை அடுத்த சில ஆண்டுகளில் வரைந்தார். ஆனால் கீஸே படத்தில் இருக்கிற அளவு பொருள்கள் மற்றவர்கள் படங்களில் இல்லை. அடுத்த வருஷம் வரைந்த 23 வயது டெரிக் போர்ன் ஒரு கல் திண்டில் சாய்ந்து நிற்கிறான். பின்னால் இலைகள், அவ்வளவுதான். அழகான இளைஞன் என்று தெரிகிறது, என்ன தொழில் என்று தெரியவில்லை. அந்தத் திண்டில் பொறித்த பெயர் இல்லாவிட்டால் அவன் எந்தப் பிரபு வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

கீஸேயின் மேசையில் தொழிலோடு சேராத ஒரு பொருள் இருக்கிறது. கண்ணாடிக் குடுவையில் கார்னேஷன் பூக்கள், கூட ரோஸ்மேரித் தழை. ஜெர்மன் உருவப்படங்களில் கார்னேஷன் வந்தால் பெரும்பாலும் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று அர்த்தம். 1535-ல் டான்ஸிக்கில் அவருக்குத் திருமணம் ஆனது. பெண்வாசம் இல்லாத அந்த வளாகத்தில், பேரேடுகளுக்கும் தராசுக்கும் நடுவே பூவைக் கொண்டுவந்து வைத்ததில்தான் ஒரு மனிதனின் ஆசை வெளிப்படுகிறது. சுவரில், அவர் பெயருக்கு மேலே, துயரம் கலக்காத இன்பம் இல்லை என்ற லத்தீன் வாசகம். தண்ணீர் நிறைந்த அந்த மெல்லிய குடுவையை மேசை விளிம்பருகே பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறும்.

ஆடையையும் நகையையும் வைத்தே பழைய உருவப்படங்களில் ஆளை எடைபோடுகிறோம். கீஸேயிடம் ரோஜா நிறப் பட்டுக்கை இருக்கிறதுதான். ஆனால் பட்டு யாரும் வாங்கலாம். விலாசமிட்டு வந்த கடிதங்களை வாங்க முடியாது, சம்பாதிக்கத்தான் வேண்டும். இந்தப் படத்தைப் பார்க்க வாய்த்தால் முகத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் செருகிய கடிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு அவரிடம் வாருங்கள்.