மின்சாரம் போன இரவு

அத்தியாயம் 6

சென்ற வாரம் ஒரு பிறந்தநாள் விருந்தில் நிறுத்தியிருந்தோம். செனகலின் தலைநகர் டக்கார். வருடம் 1989. விருந்து கொடுப்பவர் திதியே அவாதி. ‘சிண்டிகேட்’ என்ற ராப் குழுவை நடத்துபவர். வந்திருப்பவர் அமாது பாரி என்கிற டக் இ டீ. போட்டிக் குழுவான ‘கிங் எம்.சி.’யின் முக்கியமான குரல். இரண்டு கோஷ்டிகளும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு திரிந்த காலம். எதிராளியை ஏன் விருந்துக்கு அழைத்தார் அவாதி?

கைகலப்பு எதுவும் நடக்கவில்லை. இருவரும் சேர்ந்து பாடினார்கள். அன்றோடு பகை முடிந்தது. ‘பாசிட்டிவ் பிளாக் சோல்’ என்ற பெயரில் ஒரே குழுவானார்கள். செனகல் ராப்பின் வரலாற்றை எழுதுகிற எவரும் இந்த விருந்தைத் தாண்டிப் போக முடியாது.

ஆனால் எந்த மொழியில் பாடினார்கள்? டக்காரின் முதல் ராப் பாடகர்கள் பெரும்பாலும் சிகாப் குடியிருப்புகளின் நடுத்தர வர்க்கப் பிள்ளைகள். பாரிஸிலும் நியூயார்க்கிலும் இருந்த உறவினர்கள் கொண்டுவந்த கேசட்டுகளைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்டவர்கள். பள்ளியில் பிரெஞ்சு, வீட்டில் வோலோஃப். பாட்டில் வந்த நியூயார்க் ஆங்கிலம் அரையும் குறையுமாகத்தான் புரிந்தது. அப்படியும் கேட்டார்கள். மூச்சு எங்கே வாங்குகிறான், எந்த அசையில் தாளத்தோடு மோதுகிறான், எங்கே வேண்டுமென்றே பின்தங்கி ஓடிவந்து பிடிக்கிறான் என்று காதாலேயே பாடம் படித்தார்கள்.

மொழி தெரியாமல் ராப் கேட்பது வீண் வேலை என்று நினைக்கிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பதில் இந்தப் பையன்கள்தான். அர்த்தம் புரியாமல் கேட்டவர்களிடமிருந்துதான் ஒரு நாட்டின் அரசியலையே உலுக்கிய இசை கிளம்பியது.

அவர்களுக்குச் சொல்ல விஷயமும் இருந்தது. 1988 பிப்ரவரியில் அதிபர் தேர்தல். அப்து தியூஃப் மறுபடி வென்றதாக அறிவிக்கப்பட்டதும் டக்கார் பற்றி எரிந்தது. அவசரநிலை வந்தது. எதிர்க்கட்சித் தலைவர் அப்துலாய் வாத் கைதானார். வேலைநிறுத்தங்களால் அந்தக் கல்வியாண்டே செல்லாது என்று அறிவித்தார்கள். ஒரு தலைமுறையே ஒரு வருடத்தைத் தொலைத்தது. ‘மாற்றம்’ என்று முழங்கிய வாத்தான் அன்றைய இளைஞர்களின் நாயகன். இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள்.

அந்தக் கோபத்தைச் சொல்ல இரவல் ஆங்கிலம் போதவில்லை. பிரெஞ்சு ஆட்சிமொழி, அலுவலகத்தின் மொழி. சந்தையிலும் பேருந்திலும் கோபத்திலும் கொஞ்சலிலும் செனகல் பேசுவது வோலோஃப். பாசிட்டிவ் பிளாக் சோல் மெல்ல மெல்ல அதற்குள் இறங்கியது. இறங்கியதும் காலடியில் ஒரு பழைய சொத்து தட்டுப்பட்டது: தாசு.

தாசு என்பது தாளத்தோடு வேகமாகச் சொல்லும் வாய்மொழிக் கவிதை. கல்யாணத்திலும் பெயர்சூட்டு விழாவிலும் பெரும்பாலும் பெண்கள் சொல்வது. புகழ்ச்சி இருக்கும், குத்தல் இருக்கும், மாமியாரைச் சீண்டுவதும் இருக்கும். பின்னால் சபார் மேளம். ஒரு கையில் குச்சி, மறுகை வெறுங்கை. குச்சி பட்டால் சுளீரென்று ஒரு சத்தம், உள்ளங்கை பட்டால் அடிவயிற்றில் இறங்கும் இன்னொரு சத்தம். அபி ங்கானா ஜோப் என்ற அம்மையார் 1994இல் ‘லீதல்’ என்ற கேசட்டை வெளியிட்டார். இன்றும் கிடைக்கிறது, தேடிக் கேளுங்கள். பெண் குரல் சொற்களைப் பொழியப் பொழிய மேளமும் அதற்கு ஈடுகொடுத்து ஓடும். நியூயார்க்கின் பிராங்ஸில் ராப் பிறக்க என்னென்ன சேர்ந்தனவோ, அவற்றுக்கு ஒன்றுவிட்ட உறவு இங்கே கல்யாண வீட்டில் ஏற்கெனவே இருந்தது. 2003இல் தாரா ஜே குழு ‘பூமராங்’ என்ற ஆல்பத்தில் இதையே உரிமையோடு சொன்னது: ராப் ஆப்பிரிக்காவிலிருந்து போனது, திரும்பி வந்திருக்கிறது.

தமிழ்க் காதுக்கு வோலோஃப் ராப்பில் ஒரு தனி வசதி உண்டு. குறில் நெடில் வேறுபாடு அந்த மொழியிலும் உண்டு. நெட்டெழுத்தைக் குறுக்கினால் சொல்லே மாறிவிடும். நம் ‘பட்டு’, ‘கல்லு’ போல மெய்கள் இரட்டிக்கும். அந்த இரட்டிப்பு மேளத்தின் அடியோடு ஒன்றாக விழும்போது, பொருள் தெரியாமலே நம் தலை ஆடுகிறது. முதல் முறை கேட்கும்போது பொருளைத் துரத்தாதீர்கள். மேளத்தை மட்டும் பிடியுங்கள். அடுத்த முறை குரல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். மொழிபெயர்ப்பை அதற்குப் பிறகு தேடலாம். அதற்குள் பாதி அர்த்தம் வந்திருக்கும்.

கதைக்கு வருவோம். 1992இல் பிரான்ஸின் நட்சத்திர ராப் பாடகர் எம்.சி. சோலார் டக்கார் வந்தார், பாசிட்டிவ் பிளாக் சோலைக் கேட்டார், பிரான்ஸில் தன் மேடைக்கு அழைத்துக்கொண்டார். 1994 ஜனவரியில் செனகலின் பணமான பிராங்கின் மதிப்பு ஒரே அறிவிப்பில் பாதியானது. அரிசியிலிருந்து மருந்துவரை எல்லாம் எகிறின. அதே வருடம் பாசிட்டிவ் பிளாக் சோலுக்கு உள்ளூரில் கேசட், மறுவருடம் சர்வதேச நிறுவனத்தில் ‘சலாம்’ ஆல்பம். 1998இல் ராப்’ஆதியோ என்ற குழு வந்து, முன்னோடிகள்கூட மிருதுவாகிவிட்டார்கள் என்று சீறியது. அவர்கள் வோலோஃபில் மென்மைக்கு இடமே இல்லை. அந்தக் குழுவின் கெய்ட்டியைப் பின்னால் ஓர் அத்தியாயத்தில் சந்திப்போம். செய்தி அறிக்கையையே ராப்பாக வாசித்த மனிதர் அவர்.

2000ஆம் ஆண்டுத் தேர்தல். வாக்காளர் பட்டியலில் பெயர் சேருங்கள், வாக்குச்சாவடியைவிட்டு நகராதீர்கள் என்று ராப் பாடகர்கள் இளைஞர்களைக் கிளப்பினார்கள். மார்ச் 19, இரண்டாம் சுற்று. நாற்பதாண்டு கால சோஷலிஸ்ட் ஆட்சி வீழ்ந்தது. ஐந்தாவது முறை போட்டியிட்ட அப்துலாய் வாத் வென்றார். டக்காரின் தெருக்கள் ஆடித் தீர்த்தன.

பதினொரு வருடம் கழித்து அதே தெருக்கள் இருண்டு கிடந்தன. மின்சாரம் மணிக்கணக்கில் போனது. தையல்காரர் மிஷின் நின்றது, மீன் வியாபாரியின் ஐஸ் உருகியது. மின்துறை அமைச்சர் யார்? கரீம் வாத், அதிபரின் மகன். 85 வயது அப்பாவுக்குப் பிறகு நாற்காலி மகனுக்குத்தான் என்று ஊரே பேசிக்கொண்டது.

2011 ஜனவரி 16. டக்காரின் பார்செல் அசெய்னி பகுதி. பத்திரிகையாளர் ஃபாதல் பாரோவின் வீடு. நண்பர்கள் சியாட், கிலிஃபே இருவரும் வந்திருக்கிறார்கள். நிலக்கடலைச் சந்தைக்குப் பேர்போன காவோலாக் நகரிலிருந்து வந்த ‘கேர் கி’ ராப் குழு இவர்கள்தான். வீட்டில் மின்சாரம் இல்லை. டக்காரில் நாலு பேர் இரவில் கூடினால் அட்டாயா உண்டு: கரி அடுப்பில் சின்னக் கெட்டில், பச்சைத் தேயிலை, புதினா, கைநிறையச் சர்க்கரை. சின்னக் கண்ணாடிக் குவளைகளில் உயரத் தூக்கி ஆற்றி ஆற்றி நுரை கட்டுவார்கள். மூன்று சுற்று. முதல் சுற்று கசக்கும், மூன்றாவது தித்திக்கும். ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அவ்வளவு நேரமும் பேச்சுத்தான். நாட்டைத் திட்டிப் பேசும் பேச்சு.

அன்றைய பேச்சு கலையவில்லை. இப்படி உட்கார்ந்து புலம்பிக்கொண்டே இருக்கப் போகிறோமா என்ற கேள்வி வந்தது. விடிவதற்குள் ஓர் இயக்கத்துக்கு வித்து விழுந்துவிட்டது. பெயர் ‘யனா மார்’. பிரெஞ்சில் ‘போதும், அலுத்துப்போச்சு’ என்பதைச் சொல்லும் தெருப்பேச்சு. ஃபூ மலாத் போன்ற பாடகர்களும் வந்து சேர்ந்தார்கள். எந்தக் கட்சியிலும் சேர மாட்டோம், பதவியும் கேட்க மாட்டோம் என்றார்கள். மஞ்சளும் நீலமுமாக வர்ணமடித்த நகர்ப் பேருந்துகளில் ஏறிப் பயணிகளிடம் பேசினார்கள். அரசுக்கு எதிராக ஆயிரம் புகார்களைச் சேர்க்கப் புறப்பட்டார்கள். முதல் பெரிய கூட்டத்தை மார்ச் 19 அன்று கூட்டினார்கள். வாத் வென்ற அதே தேதி. அவரை ஏற்றிவைத்த அதே இசை, அவரிடமே கணக்குக் கேட்டது.

வாத் பதில் சொல்லவில்லை. ஒரு மசோதாவைத் தயாரித்தார்.

அதிபரும் துணை அதிபரும் ஜோடியாகப் போட்டியிடுவார்கள். முதல் சுற்றில் 25 சதவீத வாக்கு கிடைத்தாலே போதும், வெற்றி. இரண்டாம் சுற்றே வேண்டாம். எதிர்க்கட்சிகள் பிரிந்து நின்றால் நான்கில் ஒருவரின் வாக்கோடு நாட்டை ஆளலாம். துணை அதிபர் நாற்காலியில் யார் உட்காருவார் என்பதை டக்காரில் எவரும் எவருக்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

2011 ஜூன் 23, வியாழக்கிழமை காலை. சொவெட்டோ சதுக்கத்தில் இருக்கிறது செனகல் நாடாளுமன்றம். 2007 தேர்தலை முக்கிய எதிர்க்கட்சிகள் புறக்கணித்ததால், 150 இடங்களில் 131 வாத் அணியின் கையில். கையெழுத்துப் போடுவதைப்போல மசோதா நிறைவேறிவிடும். உறுப்பினர்கள் உள்ளே போகிறார்கள். வெளியே யனா மார் இளைஞர்கள், மாணவர்கள், எதிர்க்கட்சித் தொண்டர்கள் என்று கூட்டம் பெருகுகிறது. காவல்துறை கண்ணீர்ப்புகைக் குண்டுகளை வீசுகிறது. கூட்டம் பின்வாங்கி, மறுபடி முன்னேறுகிறது. நகரின் மற்ற பேட்டைகளிலும் டயர்கள் எரியத் தொடங்குகின்றன.

உள்ளே மசோதாவின் மீது விவாதம் தொடங்குகிறது. எண்ணிக்கை அதிபர் பக்கம். சதுக்கத்தில் இருப்பவர்கள் கையிலோ வாக்கு இல்லை. ஆனால் அன்று மாலை, நீதித்துறை அமைச்சர் எழுந்து அவையில் பேசவேண்டிய நிலை வந்தது. அவர் அதிபரிடமிருந்து கொண்டுவந்த செய்தி என்ன?

(தொடரும்)