ஒரு சொல் காத்த இரு உயிர்கள்

பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கா 1959 செப்டெம்பர் 25 ஆம் திகதி கொழும்பு ரொஸ்மீட் பிளேசில் இருந்த தமது இல்லத்தில் சுடப்பட்டார். மறுநாள் காலமானார். சுட்டவர் தல்துவே சோமராம தேரர். சதியின் சூத்திரதாரி எனக் காணப்பட்டவர் களனி விகாராதிபதி மாபிட்டிகம புத்தரக்கித தேரர். ஆயினும் தூக்குமேடை ஏறியவர் சோமராமர் மட்டுமே. அதற்கான காரணத்தைச் சட்டத்தின் சொற்களுக்குள்தான் தேட வேண்டும்.

பிரதமர் சுடப்பட்ட நாளில் இலங்கையில் மரண தண்டனை நடைமுறையில் இருக்கவில்லை. அதை நிறுத்தி வைத்தது பண்டாரநாயக்காவின் அரசாங்கமே. 1958 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் அதற்காக இயற்றப்பட்டதாகும். தம்மைச் சுட்டவர் மீது வஞ்சம் தீர்க்க வேண்டாம், கருணை காட்டுங்கள் என்று மருத்துவமனையிலிருந்து மக்களைக் கேட்டுக்கொண்டவரும் அவரே.

அவருக்குப் பின் பிரதமரான தஹாநாயக்காவின் அரசாங்கம் அந்த வேண்டுகோளைப் பொருட்படுத்தவில்லை. 1959 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் மரண தண்டனை மீண்டும் கொண்டுவரப்பட்டது. அத்தோடு நில்லாமல், சட்டம் வருமுன் நிகழ்ந்த கொலைக்கும் அது செல்லுபடியாகும் என எழுதி வைத்தார்கள். குற்றம் நிகழ்ந்த வேளையில் இல்லாத தண்டனையைப் பிற்பாடு விதிப்பது நீதியன்று என்பதே என் எண்ணம். கொல்லப்பட்டவர் பிரதமர் என்பதால் அது நீதியாகிவிடாது.

ஆனால் அவசரத்தில் வரைந்தவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறிவிட்டார்கள்.

1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் கொலைக்குரிய தண்டனையை 296 ஆம் பிரிவு கூறுகிறது. கொலை செய்யச் சதி புரிதல் வேறொரு குற்றம். அது 113 ஆ பிரிவுக்குள் வரும். சதி புரிந்தவரை உடந்தையாளரைப் போலவே தண்டிக்கலாம் என்பதால், சாதாரண காலத்தில் அவருக்கும் மரணமே தண்டனை. குற்றங்கள் இரண்டு, முடிவு ஒன்று. இந்த ஒற்றுமைதான் வரைந்தவர்களை ஏமாற்றியிருக்க வேண்டும். முன்னைய காலத்துக்கும் செல்லுபடியாகும் வாசகத்தில் அவர்கள் 'கொலை' என்று மட்டுமே எழுதினார்கள்.

1961 இல் உச்ச நீதிமன்றத்தில் நீதியரசர் ரி.எஸ். பெர்னாண்டோ முன் விளக்கம் நடைபெற்றது. ஐந்து எதிரிகள் மீதும் சதிக் குற்றம் சாட்டப்பட்டிருந்தது. கொலைக் குற்றம் சோமராமர் மீது மட்டுமே. இருவரை யூரிமார் விடுவித்தனர். புத்தரக்கிதர், வர்த்தகர் எச்.பி. ஜயவர்த்தன, சோமராமர் ஆகிய மூவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது.

மேன்முறையீட்டில் அந்தச் சொல் பிடிபட்டது. பிரதம நீதியரசர் ஹேம பஸ்நாயக்க தலைமையிலான குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம், கொலை வேறு, கொலைச் சதி வேறு எனத் தெளிவாகக் கூறிற்று. சதிகாரர் இருவரினதும் தண்டனை ஆயுட்காலக் கடூழியச் சிறையாக மாறியது. அரசாங்கத்தின் உள்நோக்கம் யாதென்பதை நாடே அறிந்திருந்தது. நீதிபதிகளோ சட்டத்தில் எழுதியிருந்ததை மட்டும் வாசித்தார்கள்.

ஏவியவர் தப்ப எய்த அம்பு முறிந்தது என்று அன்று பலர் மனம் நொந்தனர். அதில் நியாயம் உண்டு. எனினும், குறையை இருந்த இடத்தில் விட்டுவிட்டு நீதிமன்றத்தை நோவதில் பயனில்லை.

சோமராமர் 1962 ஜூலையில் வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டார். புத்தரக்கிதர் 1967 இல் சிறையிலேயே காலமானார்.