மூசை எஃகும் பேரிங் எஃகும்

திருமறையின் 57ஆவது அத்தியாயம் இரும்பின் பெயரையே தாங்கியுள்ளது: அல்ஹதீத். தாவூத் நபி (அலை) அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டதையும், கவசத்தின் கண்ணிகளை அளவறிந்து கோக்குமாறு அவர்கள் பணிக்கப்பட்டதையும் நாம் ஓதி வருகிறோம். ஆயினும் அந்த இரும்பின் வரலாற்றில் தமிழ் மண்ணுக்குள்ள பங்கை நம் பிள்ளைகள் அறிந்திருப்பது அரிது.

கொங்கு நாட்டுக் கொடுமணல் போன்ற ஊர்களில் இரும்பையும் கரியையும் மண் மூசையில் அடைத்து உருக்கி எஃகு செய்தனர். தென்னிந்திய மூசை எஃகில் கரிமம் ஏறத்தாழ 1.5 விழுக்காடு. அது கடல் கடந்து அரபுலகை அடைந்தது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் அல்கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலில் ஸரந்தீப் எஃகுக்கும் இடமளித்தார். புகழ் என்னவோ திமிஷ்க் நகருக்குப் போயிற்று. உருக்கியவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

லண்டனில் கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே, ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து 1819 முதல் இவ்வெஃகை ஆராய்ந்தார். அதைப் போலச் செய்ய முயன்றவர்கள் வெள்ளி, பிளாட்டினம், பின்னர் குரோமியம் எனக் கலந்து பார்த்தனர். கலப்பு எஃகு ஆய்வின் தொடக்கங்களுள் அது ஒன்று. 1830இல் ஹீத் என்ற ஆங்கிலேயர் சேலத்துத் தாதுவைக் கொண்டு நமது பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவினார்; அது நிலைக்கவில்லை. சேலத்திலேயே குரோமியத் தாதுவும் இருந்தது என்பதை நினைக்கையில் மனம் சற்றே கனக்கிறது.

இன்றைய பேரிங் எஃகு அந்தப் பழைய எஃகின் உறவினர்தான்: கரிமம் 1 விழுக்காடு, குரோமியம் 1.5. தேயாது, ஆனால் துருப்பிடிக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருட்டாலைகளில் நீரும் செதிலும் உண்டு. பழவேற்காட்டுப் பக்கமிருந்து உப்புக்காற்றும் வீசும். துரு அரித்த சிறு குழியே விரிசலுக்கு வாயிலாகிவிடும். நம் வீட்டு எவர்சில்வர் துருப்பிடிக்காது. ஆனால் பேரிங்குக்கு அது மிக மென்மை.

சிக்கல் இதுதான். தேய்மானத்தைத் தடுப்பவை கரிமமும் குரோமியமும் கூடிய கடின மணிகள். துருவைத் தடுப்பதோ அம்மணிகளுக்குள் சிக்காமல் எஃகில் கரைந்து நிற்கும் குரோமியம். ஆகவே 17 விழுக்காடு குரோமியம் சேர்த்தாலும் கரிமம் அதில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. பருத்த மணிகளோ சுமையில் வெடிப்புக்கு இடந்தருகின்றன. கரிமத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாக நைட்ரஜனை அழுத்தத்தில் உருக்கிச் சேர்த்து ஜெர்மானியர் இதற்கு வழி கண்டனர். அந்த எஃகு விமானப் பேரிங்குகளில் சுழல்கிறது. விலை காரணமாக நம் உருட்டாலைகள் இன்னும் கிரீஸையும் சீலையுமே நம்பியிருக்கின்றன.